நைட்ரோ காபி: கேஸைவிடக் குளிர்தான் கணக்கு

அன்புள்ள நண்பருக்கு,

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் காபிக்கடை நடத்தும் நீங்கள், நைட்ரோ காபி பற்றிக் கேட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. ஆசிரமத்துப் பக்கம் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர்கள் கேட்கிறார்கள், வீடியோவில் பார்த்தால் கறுப்புக் காபிமேல் வெண்ணெய் போல நுரை நிற்கிறது, இதை நம் கடையில் போட முடியுமா என்கிறீர்கள். செங்கம் சாலையில் இதே யோசனையுடன் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நைட்ரஜன் என்றதும் ஏதோ ரசாயனம் என்று வீட்டில் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். சிப்ஸ் பாக்கெட் உப்பலாக இருப்பதும், எண்ணெய் சிக்கு வாடை வராமல் இருப்பதும் அதனால்தான். உங்கள் மாஸ்டர் கையை உயர்த்தி டபராவில் ஆற்றும்போது பாலில் எழும் நுரைக்குள் இருப்பதும் காற்று, அதாவது பெரும்பங்கு நைட்ரஜன். நைட்ரோ காபியில் அதே வாயுவை ஆக்சிஜன் கலக்காமல், அழுத்தம் கொடுத்து, பாலில்லாத குளிர்ந்த காபிக்குள் ஏற்றுகிறார்கள். ஆக்சிஜன் பட்டால் காபியின் மணம் போய்விடும். நைட்ரஜன் எதனுடனும் லேசில் சேராது. சோடாவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து புளிப்பு தரும். நைட்ரஜனுக்குப் புளிப்பும் இல்லை, வாசனையும் இல்லை.

வேலை காபியில் தொடங்குகிறது. அடுப்பு கிடையாது. வறுத்த கொட்டையைக் கோதுமை ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைத்து, ஒரு கிலோவுக்கு எட்டு லிட்டர் வீதம் நல்ல குடிநீரில் ஊறப்போட வேண்டும். பதினாறு மணியிலிருந்து இருபது மணி நேரம் ஊறட்டும், ஆனால் ஃபிரிட்ஜுக்குள். வெளிநாட்டு வீடியோக்களில் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் ஊரின் அறை வெப்பம் வேறு. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அது கூடாது. சக்கை தன் எடையைப் போல் இரண்டு பங்கு தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் ஆறு லிட்டர் அளவுக்கே கைக்கு வரும். அதை மெல்லிய துணியில் ஒருமுறை, பேப்பர் ஃபில்டரில் ஒருமுறை வடிகட்ட வேண்டும். சோம்பல்பட்டு ஒரு வடியோடு விட்டால் பின்னால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கடையில் இருக்கும் ஃபில்டர் காபித் தூளையே போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது நைஸாக அரைத்தது, குளிர்ந்த நீரில் சேறாகிவிடும். அதில் சிக்கரியும் இருக்கும். நம் டிகாக்‌ஷனுக்குக் கெட்டித்தன்மை வரவேண்டும் என்றுதான் சிக்கரி சேர்க்கிறோம், பாலுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்றுதான் ரோபஸ்டாவைக் கலக்கிறோம். இங்கே கெட்டித்தன்மையை வாயு தருகிறது, பாலும் கிடையாது. அதனால் சிக்கரி கலக்காத அராபிகா போதும். பிளான்டேஷன் ஏ, பீபெரி எது கிடைத்தாலும் சரி. உங்களுக்குத் தொலைவில்லாத சேர்வராயன் மலையிலேயே அது விளைகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் ஊன்றிய பயிர் அது. வாயு சுவையைக் கூட்டாது, குறையை மறைக்கவும் மறைக்காது. பழைய கொட்டை என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

இனி வாயு. வடித்த காபியை கெக் எனப்படும் எவர்சில்வர் பீப்பாயில் ஊற்றி, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடுவார்கள். வழக்கமான கெக் 19 லிட்டர். சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக நைட்ரஜனை விட்டு, உள்ளே இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றிவிட்டு, 35 முதல் 45 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒரு நாள் வைப்பார்கள். கெக்கைக் குலுக்கினாலோ, நுண்துளைக் கல் வழியாக வாயுவை விட்டாலோ நேரம் குறையும். இவ்வளவு பாடு எதற்கு என்றால், நைட்ரஜன் நீரில் சுலபமாகக் கரையாது. கார்பன் டை ஆக்சைடு அதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் கரையும். அழுத்தம் ஏற ஏற, குளிர் கூடக் கூடத்தான் நைட்ரஜன் உள்ளே போகும்.

அப்படிக் கஷ்டப்பட்டுப் போன வாயு, வெளியே வர வழி தேடிக்கொண்டே இருக்கும். நைட்ரோவுக்கென்று வரும் தனிக் குழாயின் வாயில் ஊசித்துளைகள் போட்ட சிறு தகடு ஒன்று உண்டு. காபி அதில் நெருக்கியடித்து வெளியேறும்போது அழுத்தம் சட்டென்று இறங்க, வாயு லட்சக்கணக்கான நுண்குமிழிகளாகப் பிரிகிறது. டம்ளரின் நடுவில் குமிழிகள் காபியை மேலே இழுத்துச் செல்கின்றன. அந்தக் காபி ஓரமாகக் கீழே இறங்கும்போது சிறு குமிழிகளையும் சேர்த்து இறக்குகிறது. வீடியோவில் நுரை கீழ்நோக்கி வழிவதாகத் தெரிவது இதுதான். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால்தான் இந்த வேடிக்கை தெரியும். ஐஸ் போடக் கூடாது, நுரை உடையும். சர்க்கரையும் வேண்டாம், நுரை வழுவழுவென்று இறங்குவதால் நாக்கு அதையே லேசான இனிப்பாக எடுத்துக்கொள்கிறது.

இந்த வித்தை காபிக்காரர்களுடையது அல்ல. அயர்லாந்தின் கின்னஸ் பீர் நிறுவனத்தில் மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர் 1959-இல் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2010-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் காபிக்கடைகள் அதைக் கடன் வாங்கின. 2016-இல் ஸ்டார்பக்ஸ் கையிலெடுத்ததும் உலகம் முழுக்கப் பேர் பரவியது. கோயில் ஊரில் பீர்க் குழாயா என்று யாராவது முகம் சுளித்தால், குழாய்தான் அங்கிருந்து வந்தது, உள்ளே இருப்பது காபியும் காற்றும் என்று சொல்லுங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். டயருக்கு நைட்ரஜன் அடிக்கும் கடையிலோ வெல்டிங் பட்டறையிலோ நிரப்பிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் வருவார்கள். உணவுத் தரம் என்று சான்று உள்ள வாயு மட்டுமே கடைக்குள் வர வேண்டும். கிரீம் அடிக்கும் குடுவைக்கான சிறு தோட்டாக்களில் இருப்பது பெரும்பாலும் நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பூட்டும் வாயு; அது வேறு, இது வேறு. புகை கக்கும் பிஸ்கட்டில் ஊற்றும் திரவ நைட்ரஜனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது மைனஸ் 196 டிகிரி. குடலைப் புண்ணாக்கும் என்று 2024 ஏப்ரலில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரித்தது. சிலிண்டரைக் காற்றோட்டமான இடத்தில் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டி வையுங்கள். மூடிய அறையில் நைட்ரஜன் கசிந்தால் வாடையே தெரியாமல் ஆள் மயங்கி விழுவார்.

இவற்றையெல்லாம் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது குளிரைப் பற்றி. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் டெத் விஷ் காபி நிறுவனம் தன் நைட்ரோ காபி டின்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. யாருக்கும் உடம்புக்கு வரவில்லை. ஆனால் அந்தத் தயாரிப்பு முறையில் பாட்டுலினம் என்ற நச்சுக்கிருமி வளர வாய்ப்பு இருந்தது. ஆக்சிஜன் இல்லாத இடம்தான் அந்தக் கிருமிக்குப் பிடிக்கும். பி.எச். 4.6-க்கு மேல், அதாவது புளிப்பு குறைவாக இருந்தால் அது வளரும். பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் சோதித்த காபிகள் 4.85-இலிருந்து 5.13 வரை இருந்தன, சூடாகப் போட்டதும் சரி, குளிரில் ஊறியதும் சரி. ஆக நாம் ஆக்சிஜனை விரட்டிவிட்டோம், புளிப்பும் போதாது, கொதிக்கவும் வைக்கவில்லை. மிச்சம் இருக்கும் ஒரே காவல் குளிர். ஊறும்போதும், வடித்த பிறகும், கெக்கில் இருக்கும்போதும் 4 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. கெக், டியூப், குழாய்த் தகடு மூன்றையும் ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும். சில நாளில் விற்றுத் தீராத காபியைக் கொட்டிவிட வேண்டும்.

இதை உங்கள் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். கெக்கில் 17 லிட்டர் ஊற்றினால் 150 மில்லி வீதம் நூறு டம்ளருக்கு மேல் வரும். அதற்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ கொட்டை. சாதாரண நாளில் அத்தனை டம்ளர் போகுமா? பௌர்ணமியன்று கூட்டம் இருக்கும். ஆனால் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில், பலர் வெறும் வயிற்றிலும் நடந்து வருபவர்கள் அவர்கள். இந்த டம்ளரில் நம் ஃபில்டர் காபியைவிடக் கஃபீன் அதிகம். படபடப்பு வந்தால் பழி கடைக்குத்தான். அவர்களுக்கு உங்கள் சுக்குக் காபியே சரி. அன்றைக்குப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், கரண்ட் போனால் ஐஸ் கொண்டுவர வண்டி வராது. நைட்ரோ காபிக்கு உங்கள் ஆட்கள், பௌர்ணமி முடிந்தும் ஊரில் தங்கியிருப்பவர்கள்.

அதனால் என் யோசனை இது. இந்தக் கோடையில் சிலிண்டர் வாங்காதீர்கள். நல்ல ஃபிரிட்ஜ், ஒரு தெர்மாமீட்டர், இன்வெர்ட்டர் மூன்றையும் வைத்துக்கொண்டு, வாயு ஏற்றாத குளிர்ந்த காபியை ஐந்து லிட்டர் அளவில் போட்டு விற்றுப் பாருங்கள். காலை, மதியம், இரவு ஃபிரிட்ஜின் சூட்டை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கரண்ட் போன நாளிலும் அந்த எண் 4-ஐத் தாண்டவில்லை, காபியும் மிஞ்சவில்லை என்றால் தைரியமாகக் கெக் வாங்குங்கள். தாண்டினால் அந்தப் பணத்தில் இன்னொரு மாஸ்டரை வையுங்கள். ஆற்றிய காபிக்கு உங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் ஆள் குறையாது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்