குடிநீரில் ஈயம்: ஹொங்கொங் பொது வீடமைப்புத் தொகுதிகளும் அரசின் நடவடிக்கையும்

பாதுகாப்பான குடிநீரை வழங்குதல் அரசின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகும். அக்கடமையில் குறை நேரும்போது அரசு எவ்வாறு செயற்பட வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள, 2015ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் ஏற்பட்ட பிரச்சினை சிறந்த உதாரணமாகும்.

1. பின்னணி

ஹொங்கொங் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அரசின் வாடகைக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். 2015 ஜூலையில் கவுலூன் பகுதியிலுள்ள கை சிங் என்னும் புதிய மாடிக் குடியிருப்புத் தொகுதியின் குழாய்நீரில் ஈயம் மிகுதியாக உள்ளதென அரசியற் கட்சியொன்று முதலில் வெளிப்படுத்தியது. அதன் பின்னர் அரசு மேற்கொண்ட பரிசோதனைகளும் இதனை உறுதிப்படுத்தின. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு ஒரு லீற்றரில் 10 மைக்கிரோகிராம் ஆகும். 11 தொகுதிகளில் இவ்வளவைத் தாண்டிய மாதிரிகள் கண்டறியப்பட்டன. சுமார் 29,000 குடும்பங்கள் பாதிக்கப்பட்டன.

2. காரணம்

நீர்த்தேக்கத்திலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ குறை இருக்கவில்லை. கட்டடங்களினுள் செப்புக் குழாய்களை இணைக்கப் பயன்படுத்திய பற்றாசில் ஈயம் கலந்திருந்தது. ஈயமற்ற பற்றாசையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருந்தும் அது மீறப்பட்டது. புதிய கட்டடங்களின் நீர் பரிசோதிக்கப்பட்டபோதும், அப்பரிசோதனையில் ஈயம் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

3. சுகாதாரப் பாதிப்பு

ஈயத்தை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ அறிய முடியாது. நீரைக் கொதிக்கவைப்பதாலும் அது நீங்காது. உடலிற் சேரும் ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியையும் கற்றல் திறனையும் பாதிக்கும். கர்ப்பிணிகள் வழியாகச் சிசுவையும் அடையும்.

4. அரசின் நடவடிக்கைகள்

(அ) உடனடி நடவடிக்கைகள்: போத்தல் நீர் வழங்கல், தற்காலிகக் குழாய்கள் அமைத்தல், வீடுகளுக்கு வடிகட்டி பொருத்துதல், சிறுவர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்குக் குருதிப் பரிசோதனை.

(ஆ) விசாரணை: 2015 ஆகஸ்ட்டில் நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 2016 மே மாதம் வெளியிடப்பட்டது.

(இ) நீண்டகால நடவடிக்கைகள்: பாதிக்கப்பட்ட குழாய்களை மாற்றுதல், புதிய கட்டடங்களின் நீர்ப் பரிசோதனையில் ஈயம் முதலிய உலோகங்களைச் சேர்த்தல், 2017இல் ஹொங்கொங்கிற்கெனக் குடிநீர்த் தரநியமங்களை வகுத்தல்.

5. ஆணைக்குழு கண்ட குறை

தவறு ஒருவருடையது மட்டுமன்று. சம்பந்தப்பட்ட அனைவரும் கூட்டாகத் தவறினர் என ஆணைக்குழு கூறியது. குழாய் பொருத்துநர், உபஒப்பந்தக்காரர், ஒப்பந்தக்காரர், அரச நிறுவனங்கள் என ஒவ்வொருவரும் மற்றவர் கவனிப்பார் என இருந்துவிட்டனர். எனவே விதியை எழுதி வைப்பது மட்டும் போதாது. அதைச் சரிபார்ப்பவர் யார் என்பதும் தெளிவாக இருத்தல் வேண்டும்.

அரசு நீர் மாதிரி எடுத்த முறையும் குறைகூறப்பட்டது. இரவு முழுவதும் குழாயில் தேங்கும் நீரிலேயே ஈயம் அதிகமாகக் கரையும். குழாயைத் திறந்து சில நிமிடங்கள் ஓடவிட்டபின் மாதிரி எடுத்தால், அந்த நீர் வெளியேறிவிடும். ஆகவே தேங்கிய நீரையும் சேர்த்து எல்லாப் பொது வீடமைப்புத் தொகுதிகளிலும் மீண்டும் பரிசோதிக்குமாறு ஆணைக்குழு பரிந்துரைத்தது.

மாதிரி வினா

i. இப்பிரச்சினைக்கான நேரடிக் காரணம் யாது? (2 புள்ளிகள்)
ii. உடனடி நடவடிக்கைகள் மூன்று தருக. (3 புள்ளிகள்)
iii. "உடனடி நிவாரணம் மட்டும் பிரச்சினையைத் தீர்க்காது." விளக்குக. (5 புள்ளிகள்)

விடைக் குறிப்பு

i. செப்புக் குழாய்களை இணைத்த ஈயம் கலந்த பற்றாசு. "ஆற்றுநீர் மாசடைந்தது" என எழுதுதல் தவறாகும்.
ii. பகுதி 4 (அ) இலுள்ளவற்றுள் எவையேனும் மூன்று.
iii. போத்தல் நீர் இன்றைய தாகத்தைத் தீர்க்கும். ஆனால் ஈயம் குழாயிலேயே இருக்கும். காரணத்தை அகற்றல், பொறுப்பைத் தெளிவாக்கல், சரியான முறையிற் பரிசோதித்தல், உண்மையை மக்களுக்கு அறிவித்தல் ஆகிய நான்கும் விடையில் இடம்பெறல் வேண்டும்.

மாணவர்களே, மக்கள் பிரதிநிதிகள் கேள்வி எழுப்பியமையாலேயே இக்குறை வெளிவந்தது. தாம் குடிக்கும் நீரைப் பற்றிக் கேள்வி கேட்பது ஒவ்வொரு குடிமகனதும் உரிமை. அதற்கு உண்மையான பதிலளிப்பது அரசின் கடமை.