மலை மேல் இருந்த அரண்மனை எங்கே போச்சு?



போன வருஷம் ஞாயிறு வகுப்பில் நான் ஒரு தப்பு செய்தேன். "ஃபோர்ட் கேனிங் மலையில் இருந்த அரண்மனையை ராஜேந்திர சோழன்தான் கட்டினான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "அக்கா, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் இல்லை. யாரோ சொன்னதை நானும் சொல்லியிருந்தேன். அதனால் இந்த வருஷம் நன்றாகப் படித்துவிட்டு, பிள்ளைகளை நேரிலேயே கூட்டிப் போனேன். லிட்டில் இந்தியாவிலிருந்து தோபி காட்டுக்கு எம்ஆர்டியில் ஒரே நிலையம்தான். பிறகு கொஞ்சம் நடை.

மேலே ஏறியதும் முதல் கேள்வி: "அக்கா, அரண்மனை எங்கே?"

இல்லை. 14ஆம் நூற்றாண்டில் சிங்கபுர அரசர்கள் இந்த மலையில் வாழ்ந்தார்கள். அந்தக் கால மலாய் அரண்மனைகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. நம்ம ஊர் மழையிலும் புழுக்கத்திலும் மரம் எத்தனை நாள் தாங்கும்? மக்கிப் போச்சு. ஆனால் மக்கள் மறக்கவில்லை. மலைக்கு 'புக்கிட் லாராங்கான்', அதாவது 'தடை செய்யப்பட்ட மலை' என்று பெயர். 1819இல் ஆங்கிலேயர் வந்தபோதும் அதில் ஏற மலாய்க்காரர்கள் பயந்தார்கள்.

1822இல் ஜான் கிராஃபர்ட் என்பவர் இங்கே செங்கல் அடித்தளங்களையும் பழைய பழமரங்களையும் பார்த்து எழுதிவைத்தார். பிறகு 1859இல் ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். மலை உச்சியைச் சமப்படுத்தியபோது மிச்சமிருந்ததும் போய்விட்டது.

எல்லாமே போய்விட்டதா? 1928இல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. 1984 முதல் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன.

அந்தத் தங்க நகைகளைப் பார்க்க, மலையடிவாரத்தில் இருக்கும் தேசிய அரும்பொருளகத்துக்குப் போனோம். அங்கே ஒரு கைக்காப்பு. அதில் உருட்டிய கண்களோடு ஒரு முகம். ஒரு பையன் கத்தினான்: "அக்கா, இது நம்ம கோயில்ல சாமிக்குப் பின்னால இருக்கிற முகம்!"

சரியாகத்தான் சொன்னான். நம் திருவாசியின் உச்சியில் இருப்பது கீர்த்திமுகம். ஜாவாவில் அதே முகத்துக்குக் காலன் என்று பெயர். பெயரையும் பாருங்கள்: சிங்கபுரம். 'சிங்கம்' தெரியும்; 'புரம்' காஞ்சிபுரத்திலும் இருக்கிறது.

அப்படியென்றால் சோழன் கட்டியதுதானா? கணக்குப் போடுவோம். ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தது 1025. மலாய்க் கதைகளின்படி பலெம்பாங் இளவரசர் சங் நீல உத்தமர் சிங்கபுரத்தை நிறுவியது 1299. இடையில் 274 ஆண்டுகள்! சோழன் கட்டியதற்குச் சான்று இல்லை. ஆனால் நம் சமயமும் கலையும் கடல் கடந்து வந்து, இங்குள்ளவர்களுக்கும் சொந்தமாகிவிட்டன என்பதற்கு அந்தக் காப்பே சான்று. பொய் சொல்லிப் பெருமைப்பட வேண்டியதில்லை, உண்மையே போதும்.

வீட்டில் செய்து பாருங்கள்:

1. அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது திருவாசியின் உச்சியில் கீர்த்திமுகம் இருக்கிறதா என்று தேடி, வரைந்து வாருங்கள்.
2. 'புரம்' என்று முடியும் ஐந்து ஊர்ப் பெயர்களை எழுதுங்கள்.
3. யாராவது பழங்கதை சொன்னால், "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். என்னிடமும்தான்!