மூட்டு வீங்கினால் நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திப் புண்ணாகிவிட்டால், இரண்டு நாளில் தொடை இடுக்கில் ஒரு கட்டி தலைகாட்டும். 'நெறி கட்டியிருக்கு, புண் ஆறினா தானா போயிடும்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். புண் காலில், கட்டி இடுக்கில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் இருந்து இணைப்பது நிணநீர். மூட்டு வீக்கத்தால் அவதிப்படுகிறவர்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

உடம்புக்குள் ஒரு வடிகால்

ரத்தக் குழாய்களின் மெல்லிய சுவர் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அதில் மிஞ்சுவதை, புரதம், கிருமி, கழிவு எல்லாவற்றோடும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகத் தனிக் குழாய்கள் உண்டு. அவைதான் நிணநீர்க் குழாய்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 லிட்டர் நிணநீர் இப்படிப் பயணம் செய்து, கழுத்தடியில் மீண்டும் ரத்தத்தோடு கலக்கிறது. வழியில் செக்போஸ்ட் மாதிரி நூற்றுக்கணக்கான நிணநீர்க் கணுக்கள். கிருமியோ வேறு தொந்தரவோ வந்தால் அங்கே வேலை அதிகமாகும், கணு வீங்கும். நாம் 'நெறி' என்கிறோமே, அது இதுதான்.

ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு பம்ப் கிடையாது. குழாய்கள் தாமாகவே மெதுவாகச் சுருங்கி விரியும். மற்றபடி நாம் நடப்பதும், கை காலை மடக்கி நீட்டுவதும், ஆழமாக மூச்சு விடுவதும்தான் அதை முன்னே தள்ளுகின்றன.

மூட்டில் என்ன நடக்கிறது?

ஆரோக்கியமான முழங்கால் மூட்டில் இருக்கும் வழவழப்பான திரவம் ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. முடக்குவாதம் வந்தால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, நீர் கோர்க்கிறது, மூட்டு சூடாகி வீங்குகிறது. வடிகாலுக்கு வேலை பல மடங்கு கூடுகிறது. கை மூட்டுகளில் நோய் தீவிரமாக இருப்பவர்களுக்கு அக்குளில் நெறி தட்டுப்படுவது இதனால்தான்.

எவ்வளவு நாள்தான் அது தாக்குப்பிடிக்கும்? அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூட்டழற்சி உள்ள எலிகளைக் கவனித்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் உள்ள கணு முதலில் பெரிதாகி நிணநீரைச் சமாளித்தது. ஒரு கட்டத்தில் அது சுருங்கிப்போனபோது, மூட்டு வீக்கம் சட்டென்று அதிகமானது. 2020-ல் வெளியான ஆய்வில், முடக்குவாதம் தீவிரமாக உள்ளவர்களின் கைகளில் நிணநீர் வடிவது வெகுவாகக் குறைந்திருப்பதும் தெரிந்தது.

காலையில் எழுந்ததும் விரல்கள் மரக்கட்டை மாதிரி இருக்கிறதா? இரவெல்லாம் அசையாத மூட்டில் நீர் தேங்குவதும் அதற்கு ஒரு காரணம்.

'அப்போ மூட்டை அசைக்கலாமா டாக்டர்?'

தாராளமாக. வலிக்கிறதே என்று மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், வடிகாலும் மந்தமாகும்.

* படுத்தபடி, காலடியில் தலையணை வைத்து, பாதத்தை மேலும் கீழும் 10 முறை அசையுங்கள்.
* முழங்காலுக்கு அடியில் சுருட்டிய டவலை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். 10 முறை போதும்.
* வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, விரல்களை மெல்ல மூடித் திறங்கள். காலை விறைப்புக்கு இது நல்லது.
* வயிறு உப்பும்படி நிதானமாக மூச்சை இழுத்து விடுங்கள்.

மூட்டு நெருப்பாகச் சுட்டு வீங்கியிருக்கும் நாளில் நீண்ட நடையும், பலவந்தமாக மடக்குவதும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். 'எண்ணெய் போட்டு நல்லா அழுத்தித் தேய்ச்சா நீர் இறங்கிடும்' என்று யாராவது சொன்னால், கேட்காதீர்கள். சூடான மூட்டை அழுத்தித் தேய்த்தால் வலியும் வீக்கமும் கூடும்.

மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. அசைவு வடிகாலுக்கு உதவும். உள்ளே எரியும் நெருப்பை அணைப்பது மருந்துதான். 'நிணநீரைச் சுத்தப்படுத்துகிறோம்' என்று விற்கப்படும் பொடியும் கஷாயமும் முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தாது. அவற்றை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் எலும்பு அரிக்கப்படலாம். அரித்த எலும்பு பழையபடி வராது. ஒரு எச்சரிக்கை: முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. மறதியாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

* காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, மூட்டு வீக்கம் சில வாரங்களாகியும் வடியாவிட்டால், மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள்.
* ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம்.
* நெறி கெட்டியாக இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, எடை குறைந்து இரவில் வியர்த்தாலோ, மூட்டுவாதம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். காசநோய் உட்பட வேறு காரணங்களும் இருக்கலாம்.

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். நடுத்தர வயதில் வருவதும் சகஜம். வீங்கிய விரல்களோடு துணி பிழிந்துகொண்டே, 'பசங்க பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் அம்மாக்கள்தான் எத்தனை பேர்! உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே அழைத்துப் போங்கள். ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கினால் விரல்கள் கோணாமல் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு.