கான்கிரீட் எந்த மாடியில் இருக்கிறது?

சென்னை யானைக்கவுனியிலிருந்து உயர் நீதிமன்றம் ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் பக்கத்துக் கட்டடத்தின் மேல் வழக்குப் போட நினைப்பவர் அங்கே வந்து சேர வருடக்கணக்காகிறது. அஸ்திவாரம் தோண்டும்போது அக்கம்பக்கத்துச் சண்டை வேண்டாம் என்று இருப்பார். முதல் தளத்தில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். மூன்றாம் தளம் ஏறி, தன் வீட்டு முற்றத்தில் வெயில் விழாமல் போன பிறகுதான் வக்கீல் ஞாபகம் வரும்.

சேம்பரில் புதிதாகச் சேர்ந்த ஜூனியரா நீங்கள்? அந்தக் கட்சிக்காரரிடம் சட்டப்பிரிவு பேசாதீர்கள். அவர் செல்போனை வாங்கிப் படங்களைப் பாருங்கள். கம்பி கட்டியது, சென்ட்ரிங் பிரித்தது, ஷட்டர் மாட்டியது எல்லாம் தேதியோடு இருக்கும். 'சமீபத்தில்தான் தெரிய வந்தது' என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிட்டு, இரண்டு வருடப் பழைய படத்தை டைப்டு செட்டில் வைத்தால், எதிர்த்தரப்புக்குக் கவுண்டர் எழுதும் வேலையே மிச்சம். எனவே முதலில் தேதிப் பட்டியல், அப்புறம்தான் மனு.

அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவு ரிட் மனுவுக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. இதை நம்பிக் கெட்டவர்கள் நிறைய. இங்கிலாந்தில் திட்ட அனுமதியை எதிர்க்க 2013 முதல் ஆறே வாரம், காலண்டரில் குறித்துக்கொள்ளலாம். இங்கே அது நீதிபதியின் கையில். 1964இல் பாய்லால் பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவில் வழக்கின் காலவரம்பை ஓர் அளவுகோலாகக் காட்டியது. அதற்குள் வந்தாலும் தாமதமே என்று கருத இடமுண்டு என்றும் சேர்த்துச் சொன்னது. கட்டட விவகாரத்தில் மூன்று மாதமே நீளம் என்பேன்.

கேள்வி எத்தனை நாள் என்பது மட்டுமல்ல, அந்த நாட்களில் என்ன எழும்பியது, யார் பணம் போட்டார்கள் என்பதும்தான். பெங்களூரு கோரமங்களாவில் அடுக்குமாடிக்கு எதிராகக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு 2005இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றதற்குத் தாமதமும் ஒரு காரணம். மறுபக்கம் 1974இன் உடுப்பி வழக்கு: குடியிருப்புப் பகுதியில் சினிமாக் கொட்டகைக்கு நகராட்சி கொடுத்த அனுமதி. உரிமையாளர் பெருந்தொகை செலவழித்திருந்தும், சட்டம் தராத அதிகாரத்தை யாருடைய மௌனமும் உண்டாக்கிவிடாது என்று அதே நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது.

ஆகவே கட்சிக்காரரின் குறை எது என்று பிரித்துப் பாருங்கள். சி.எம்.டி.ஏ. அனுமதியே தவறா, அல்லது அனுமதித்த வரைபடத்தை மீறிக் கட்டியிருக்கிறார்களா? முதலாவது என்றால் ஓடுங்கள். ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு எதிராக எண்ணப்படும். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79ஆம் பிரிவு மேல்முறையீடு இருக்கிறதே என்ற கேள்விக்கும் பதில் வைத்திருங்கள். இரண்டாவது என்றால் மூச்சுவிட நேரமுண்டு. 56, 57ஆம் பிரிவுகளின்படி நடவடிக்கை கேட்டு ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்பி, பதில் வராவிட்டால் மேண்டமஸ் கேட்கலாம். அதிகாரிகள் தூங்கியது மீறலுக்குக் கவசமாகாது என்று 2024 டிசம்பரில் மீரட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதைப் பிரித்தறிய வரைபடம் வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையிலுள்ள சி.எம்.டி.ஏ.வுக்குத் தகவல் உரிமை மனு அனுப்புங்கள். பதிலுக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். அதற்குள் இன்னொரு தளம் ஏறிவிடும். எனவே நடவடிக்கை கேட்கும் மனுவும் அதே நாளில் போகட்டும்.

எண்ணூர், திருவொற்றியூர்க் கட்சிக்காரர் என்றால் ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60. அதன்பின் தீர்ப்பாயமே நினைத்தாலும் மன்னிக்க முடியாது.

கடைசியாக, கட்டடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கடையோ ஃபிளாட்டோ வாங்கியவர்கள் இருந்தால் அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிட்டே மனுவை ஃபைல் செய்யுங்கள். அட்மிஷன் அன்று அவர்கள் வக்கீலே எழுந்து நின்றால், தேதிப் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்.