தலைக்காயமும் தகவல் பாதுகாப்பும்



நமது சங்க மலருக்கு எலெக்ட்ரானிக்ஸ் பிரிவிலிருந்து ஒரு பாடக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் அண்ணன் கேட்டார். தலையில் அடிபட்டு வீடு திரும்பியவர்களுக்கு மருத்துவமனை அனுப்பும் குறுஞ்செய்தியைப் பற்றி எழுதுகிறேன். இது எங்க வீட்டில் நடந்த விஷயம்.

என் அண்ணன் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அரிசி மண்டியில் எடை போட்டவர். எங்க குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த ஃபீஸ் அவர் சம்பளத்தில் கட்டியது. போன வருஷம் ஹெல்மெட் இல்லாமல் வண்டியிலிருந்து விழுந்தார். மண்டைக்குள் ரத்தக்கசிவு. 19 நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததோடு முடிஞ்சுபோச்சு என்று நினைத்தோம். அது தப்பு. சிலருக்கு மூளையின் மேல் உறைக்கு அடியில் ரத்தம் மெல்ல மெல்லச் சேர்ந்து, சில வாரம் கழித்துக்கூட தலைவலி, தூக்க மயக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்று வெளியே தெரியும். சிலருக்கு வலிப்பு வரும். அதற்கான மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஆனால் அடிபட்டவருக்கு ஞாபகம் தடுமாறும். மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே மருத்துவமனை தினமும் செய்தி அனுப்பி நினைவூட்டுவதும் விசாரிப்பதும் மிக நல்ல ஏற்பாடு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணன் மறுபடி வேலைக்குப் போய் ஒரு வாரம் இருக்கும். போனை மண்டி மேஜையில் சார்ஜ் போட்டிருந்தார். சாயங்காலம் திரை வெளிச்சம் போட்டுக் காட்டியது: அவர் பெயர், கூடவே 'வலிப்பு மாத்திரை தவறாமல் சாப்பிடவும்'. முதலாளியும் பார்த்தார், மூட்டை வாங்க வந்தவரும் பார்த்தார். "நாளைலேர்ந்து வரவேணாம்பா, எங்கயாவது விழுந்து வெச்சீன்னா யார் பதில் சொல்றது?" தராசுப் பக்கம் உட்கார்ந்து எழுதும் வேலைக்கு இந்தப் பதில்.

இனி பாடத்துக்கு வருவோம். உலகின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3-ல் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து வரும். தமிழில் 70 குறிதான். அதிலும் 'வலிப்பு' என்பது நம் கண்ணுக்கு நாலு எழுத்து, இயந்திரத்துக்கு ஏழு குறி. இந்தச் செய்தி நேராக நம் போனுக்கு வருவதில்லை. முதலில் கம்பெனியின் செய்தி மையத்தில் தங்கி, நம் போன் கிடைத்ததும் அனுப்பப்படும். போனுக்கும் டவருக்கும் நடுவில் மட்டும்தான் பூட்டு. மையத்தில் அது வெறும் எழுத்தாகக் கிடக்கும். 2ஜி-யில் போட்டிருந்த ஏ5/1 என்ற அந்தப் பூட்டையும் உடைக்கும் வழி 2009-லேயே பகிரங்கமாகக் காட்டப்பட்டுவிட்டது.

ஆகவே இரு முனையிலும் மட்டுமே சாவி இருக்கும் முறை தேவை. வாட்ஸ்அப் 2016-ல் எல்லாருக்கும் கொண்டுவந்தது இதைத்தான். சாவியை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் இருவரும் ஒரே சாவியைச் செய்துகொள்வது எப்படி? 1976-ல் டிஃபி, ஹெல்மன் இருவரும் வெளியிட்ட கணக்கைச் சின்ன எண்ணில் போட்டுப் பார்ப்போம். 2, 19 இரண்டும் ஊருக்கே தெரிந்த எண்கள். மருத்துவமனையின் ரகசியம் 5. 2-ஐ ஐந்து முறை பெருக்கினால் 32, 19-ஆல் வகுத்தால் மீதி 13. இதை நமக்கு அனுப்பும். நம் ரகசியம் 3; 2-ஐ மூன்று முறை பெருக்கினால் 8. இதை நாம் அனுப்புவோம். இப்போது நாம் 13-ஐ மூன்று முறை பெருக்கி 19-ஆல் வகுக்க, மீதி 12. அவர்கள் 8-ஐ ஐந்து முறை பெருக்கி வகுத்தாலும் மீதி 12. வழியில் நின்று 13-ஐயும் 8-ஐயும் பார்த்தவனுக்கு 12 நேராகக் கிடைக்காது. நிஜத்தில் எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கம் இருக்கும். நோட்டில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ராத்திரி படுத்து யோசித்தால், இத்தனை பூட்டும் அண்ணன் வேலையைக் காப்பாற்றியிருக்காது! செய்தி வழியில் திருடு போகவில்லை. சேரவேண்டிய போனுக்குப் பத்திரமாக வந்து, அங்கேதான் வாயைத் திறந்தது.

சரி, போனுக்கே பூட்டுப் போடலாம் என்று நாலு இலக்க எண் வைத்தேன். மறுநாளே மறந்துவிட்டார். தப்புத் தப்பாக அழுத்தி போன் பூட்டிக்கொண்டது, செய்தி உள்ளே, மாத்திரை டப்பாவில். ஞாபகம் குறைந்தவரிடம் ஞாபகத்தையே சாவியாகக் கேட்பது என்ன டிசைன் என்று தெரியவில்லை. பிறகு கைரேகை வைத்தேன், அது சரிப்பட்டது. மூடிய திரையில் செய்தி தெரியாதபடி மாற்றினேன். செட்டிங்கில் இரண்டு நிமிஷ வேலைதான்.

மீதி, அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. நோயின் பெயர், மருந்தின் பெயர் முதல் வரியில் வேண்டாம். 'இன்றைய செய்தி வந்துள்ளது' என்றால் போதும், உள்ளே திறந்தால் விவரம். பதில் வராவிட்டால் யாரிடம் கேட்கலாம் என்பதை டிஸ்சார்ஜ் அன்றே நோயாளியின் சம்மதத்தோடு எழுதி வாங்க வேண்டும். எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அந்த ஆள் நானாகத்தான் இருக்க முடியும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாகப் பேசுகிறது. இன்னொன்று: வாந்தி நிற்கவில்லை, எழுப்பினால் எழவில்லை, வலிப்பு வந்தது என்றால் செய்தி அனுப்பிக்கொண்டு நிற்கக்கூடாது. உடனே 108.

மருத்துவமனையிலும் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அண்ணன் இப்போது வேறு கடையில் பில் போடுகிறார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஹாஸ்டலிலிருந்து அனுப்புவேன்: "செடிக்குத் தண்ணி ஊத்திட்டியாண்ணே?" "ஊத்தியாச்சு" என்று வரும். என்றைக்காவது "எந்தச் செடிடா?" என்று வந்தால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் போன் போடுவேன்.