காலி அறை என்று யார் சொல்வது?



இந்த இதழ்ப் பாடம் கொஞ்சம் தூரத்து ஊர்க்கதை. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், ஒரே பள்ளிக்கூடக் கட்டடத்தில் இரண்டு பள்ளிகளைக் குடிவைத்ததால் பல வருஷம் நடந்த சண்டையைப் பற்றியது. அந்த ஊர்ச் சண்டை நமக்கு எதுக்குன்னு கேட்பீங்க. நம் குழுக்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறீங்க. தலைமையாசிரியர் நீட்டும் நோட்டில் கையெழுத்துப் போடுறீங்க. அந்த நோட்டில் "வகுப்பறைகள் எத்தனை" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்து எவ்வளவு பெரிய காரியம் நடக்கும் என்பதற்கு இந்தக் கதை நல்ல பாடம்.

முதலில் சார்ட்டர் பள்ளி என்றால் என்னன்னு புரிஞ்சுக்கணும். நம்ம ஊரில் அரசு உதவி பெறும் பள்ளி தெரியும். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், நிர்வாகமும் கட்டடமும் தனியார் கையில் இருக்கும். சார்ட்டர் பள்ளி அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசுப் பணம் வரும். நடத்துவது தனி அமைப்பு. பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கேட்கிறவர்கள் அதிகமாக இருந்தால் குலுக்கல் போட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் முதன்முதலில் மின்னசோட்டா மாநிலம் 1991-இல் இதற்குச் சட்டம் போட்டது. நியூயார்க் மாநிலத்தில் 1998-இல் சட்டம் வந்தது.

ஒரு சிக்கல் மட்டும் ஆரம்பத்திலேயே இருந்தது. பிள்ளைகளுக்குப் பணம் வந்ததே தவிர, கட்டடத்துக்குப் பணம் வரவில்லை. நியூயார்க்கில் வாடகை எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம். அங்கே ஒரு பள்ளி நடத்தும் அளவுக்கு இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

2002-இல் மேயரான மைக்கேல் புளூம்பெர்க் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நகரத்தின் அரசுப் பள்ளிக் கட்டடங்களில் எங்கெல்லாம் அறை மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம் சார்ட்டர் பள்ளிகளை வாடகை இல்லாமல் உட்கார வைத்தார். அவர் பதவிக்கு வந்தபோது நகரத்தில் ஏறக்குறைய இருபது சார்ட்டர் பள்ளிகள்தான் இருந்தன. 2013 கடைசியில் அவர் போகும்போது 180-க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் அரசுப் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தன.

ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு

கூட்டுக் குடித்தனத்தில் இரண்டாவது அடுப்பு வைத்தால் என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாததா? முதல் சண்டை தண்ணீர்க் குழாய்க்கு, அடுத்தது வாசலுக்கு. அங்கேயும் அப்படித்தான். கட்டடத்தில் சாப்பாட்டுக் கூடம் ஒன்று, உடற்பயிற்சிக் கூடம் ஒன்று, நூலகம் ஒன்று. இரண்டு மூன்று பள்ளிகள் நேரம் பிரித்துக்கொள்ள வேண்டும். சில பள்ளிகளில் காலை பத்து, பத்தரைக்கே பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வேண்டியதாயிற்று.

அதைவிட வலித்தது வேறொன்று. சார்ட்டர் பள்ளிகளில் சிலவற்றுக்குப் பெரிய பணக்காரர்கள் நன்கொடை கொடுத்தார்கள். அதனால் ஒரு மாடியில் புது வர்ணம், புது மேசை, புது கம்ப்யூட்டர். அடுத்த மாடியில் உரிந்துபோன சுவர். ஒரே வாசலில் நுழையும் இரண்டு பிள்ளைகள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். எந்த மாடி யாருடையதுன்னு அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போ அறைக் கணக்குக்கு வருவோம். நகர நிர்வாகத்திடம் ஒரு சூத்திரம் இருந்தது. இத்தனை வகுப்புக்கு இத்தனை அறை போதும், அதற்கு மேல் இருப்பது உபரி என்று அது சொல்லும். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த "உபரி" அறையில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஒரு அறையில் திக்குவாய்ப் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி, இன்னொன்றில் கை கால் சரியாக இயங்காத பிள்ளைக்கு உடற்பயிற்சி, மற்றதில் பாட்டு, ஓவியம். இந்த அறைகள் போனபின் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளில் நடைபாதையில் நாற்காலி போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார்கள்.

என்னைக் கேட்டால் சண்டையின் வேர் இதுதான். சார்ட்டர் நல்லதா கெட்டதா என்பது பெரிய விவாதம், அதற்கு முடிவே இல்லை. ஆனால் ஒரு அறை காலியா இல்லையா என்பதை அந்த அறைக்குள் தினமும் போய்வருகிறவர்களைக் கேட்காமல் முடிவு செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

கூட்டம் உண்டு, காது இல்லை

கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சட்டப்படி கூட்டம் போட்டார்கள். கல்விக் கொள்கைக் குழு என்று ஒன்று இருந்தது. 13 உறுப்பினர். அதில் 8 பேர் மேயர் நியமித்தவர்கள். கணக்கு உங்களுக்கே புரிஞ்சிருக்கும். பெற்றோர் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிஷம் மைக்கில் பேசுவார்கள். அழுவார்கள், கத்துவார்கள், சில நாள் நள்ளிரவைத் தாண்டும். கடைசியில் கை தூக்குவார்கள், தீர்மானம் நிறைவேறும். 2004-இல் ஒருமுறை, பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்கும் திட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட இருந்த தன் தரப்பு உறுப்பினர் இருவரை மேயர் வாக்கெடுப்பு நாளிலேயே மாற்றிவிட்டார். அதற்கப்புறம் யார் எதிர்த்துக் கை தூக்குவார்?

கூட்டத்தில் கத்தி ஆகாததைச் சிலர் காகிதத்தில் செய்து பார்த்தார்கள். 19 பள்ளிகளை மூடுவது என்று நகரம் எடுத்த முடிவை எதிர்த்து ஆசிரியர் சங்கமும், கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909 முதல் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும், பெற்றோரும் சேர்ந்து 2010-இல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் நீதிமன்றத்தில் "எங்கள் பள்ளி நல்ல பள்ளி" என்று மட்டும் வாதாடியிருந்தால் தோற்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர்கள் பிடித்த பிடி வேறு. பிள்ளைகளுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே எழுத்தில் விவரமாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நகரம் அதை ஒழுங்காகச் செய்யவில்லை என்பதைக் காட்டினார்கள். நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. அந்த வருஷம் மூடும் வேலை நின்றது.

அதே 2010-இல் மாநிலச் சட்டமும் திருத்தப்பட்டது. சார்ட்டர் பள்ளிகளின் உச்சவரம்பை 200-லிருந்து 460 ஆக உயர்த்தினார்கள். அது சார்ட்டர் தரப்புக்குக் கிடைத்தது. கூடவே எதிர்த்தவர்களுக்கும் சில பிடிமானம் கிடைத்தது. கட்டடத்தைப் பங்கு போடுமுன் எந்த அறை யாருக்கு, சாப்பாட்டுக் கூடம் யாருக்கு எத்தனை மணி என்று எழுத்தில் திட்டம் வெளியிட வேண்டும். ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு குழு இருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் முதல்வர், ஒரு ஆசிரியர், ஒரு பெற்றோர் அதில் இருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. சார்ட்டர் பள்ளி தன் பகுதியில் 5,000 டாலருக்கு மேல் செலவு செய்து எதையாவது புதுப்பித்தால், அதே கட்டடத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக்கும் நகரம் அதே அளவு பணம் கொடுக்க வேண்டும். ஒரு மாடிக்கு வர்ணம் அடித்தால் அடுத்த மாடிக்கும் அடி. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லாத விதிதான், ஆனால் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற வித்தியாசத்தைத் தொட்ட விதி.

எதிர்ப்பக்கத்திலும் அம்மாக்கள்

இந்த இடத்தில் நிதானிக்கணும் சகோதரிகளே. இதுவரை படித்ததும் சார்ட்டர் பள்ளிப் பக்கம் பணக்காரர்கள், இந்தப் பக்கம் ஏழைகள் என்று தோன்றியிருக்கும். அப்படி இல்லை.

2011-இல் மறுபடி ஒரு வழக்குப் போட்டார்கள், 22 பள்ளிகளை மூடுவதையும் பல கட்டடங்களில் சார்ட்டர் பள்ளிகளை வைப்பதையும் எதிர்த்து. உடனே கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்ட என்.ஏ.ஏ.சி.பி.யை எதிர்த்து! வந்தவர்களில் பெரும்பாலோர் சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர், அவர்களும் கறுப்பின மக்கள்தான். தங்கள் தெருவில் இருந்த பள்ளி சரியில்லை என்று வருஷக்கணக்கில் புலம்பிவிட்டு, குலுக்கலில் பிள்ளை பெயர் வந்ததை அதிர்ஷ்டம் என்று நினைத்தவர்கள். அவர்களைப் போய் "நீ அடுத்தவள் பிள்ளையின் இடத்தைப் பிடுங்கிட்டே" என்றால் எப்படி ஏற்றுக்கொள்வார்கள்? "எம் பிள்ளையும் அரசுப் பணத்தில் படிக்கிற பிள்ளைதானே, அவனுக்கு இந்தக் கட்டடத்தில் இடம் இல்லையா?" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வழக்கில் நீதிபதி தடை கொடுக்க மறுத்துவிட்டார். முந்தின வருஷம் ஜெயித்த காகிதம், நகரம் காகிதத்தைச் சரிசெய்துகொண்டதும் வலுவிழந்தது.

மேலே முடிவெடுத்தவர்கள் யாரும் அந்த மாடிப்படியில் மோதிக்கொள்ளவில்லை. மோதிக்கொண்டது கீழே இருந்த இரண்டு பக்கத்து அம்மாக்கள்.

2014-இல் பில் டி பிளாசியோ மேயராக வந்தார். சார்ட்டர் பள்ளிகளிடம் வாடகை வாங்குவேன் என்று பேசியே ஜெயித்தவர். முந்தைய ஆட்சி கடைசி மாதங்களில் ஒப்புக்கொண்ட இடப்பங்கீடுகளில் பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிட்டு, சிலவற்றை மட்டும் ரத்து செய்தார். அதில் மூன்று, ஈவா மாஸ்கோவிட்ஸ் 2006-இல் ஹார்லெமில் தொடங்கிய சக்சஸ் அகாடமியுடையவை. ஒரு இடத்தில் அந்தப் பள்ளி விரிந்தால், அதே கட்டடத்தில் இருந்த மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பள்ளி இடம் இழந்திருக்கும். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் சக்சஸ் அகாடமி சும்மா இருக்கவில்லை. மார்ச் 4-ஆம் தேதி தன் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பிள்ளைகளையும் பெற்றோரையும் பஸ் பஸ்ஸாக மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குக் கொண்டுபோனார்கள். மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவே வந்து அவர்களுக்கு ஆதரவாகப் பேசினார். டி.வி. விளம்பரத்துக்குப் பல லட்சம் டாலர் செலவானது. ஒரு மாதம் ஆவதற்குள் மாநிலச் சட்டமே மாறியது. புதிதாகத் தொடங்கும், விரியும் சார்ட்டர் பள்ளிகளுக்கு நகரம் அரசுக் கட்டடத்தில் இலவச இடம் தர வேண்டும், இல்லையென்றால் வெளியே வாடகைக்குப் பணம் தர வேண்டும். (அங்கே ஆளுநர் என்பவர் ஓட்டில் ஜெயித்து வருகிறவர், நம்ம முதலமைச்சர் மாதிரி.)

அதோடு முடியவில்லை. 2022-இல் நியூயார்க் மாநிலம் இன்னொரு சட்டம் போட்டது: கீழ் வகுப்புகளில் 20 பிள்ளை, நடு வகுப்புகளில் 23, உயர்நிலையில் 25, இதற்கு மேல் ஒரு வகுப்பில் இருக்கக் கூடாது, நகரப் பள்ளிகள் படிப்படியாக 2028-க்குள் இதை எட்ட வேண்டும். வகுப்பைச் சிறிதாக்கினால் அறை அதிகம் வேண்டுமே! நேற்று வரை உபரி என்று எழுதிய அறை இன்று பற்றாக்குறை ஆகிவிட்டது. 2023 ஜனவரியில், சக்சஸ் அகாடமிக்காகப் போட்டிருந்த மூன்று இடப்பங்கீட்டுத் திட்டங்களை, அந்தந்தப் பகுதி மக்கள் எதிர்த்ததும், நகரக் கல்வித்துறை வாக்கெடுப்புக்கு முன்பே திரும்பப் பெற்றது.

நம்ம நோட்டுக்கு வருவோம்

நம்ம ஊரில் சார்ட்டர் பள்ளி கிடையாது. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பும் இந்தக் குழுவுக்குத்தான். நியூயார்க் அம்மாக்கள் பல வருஷம் சண்டை போட்டு ஒரு பள்ளிக்கு ஒரு பெற்றோர் இடம்தான் வாங்கினார்கள். நமக்குச் சட்டமே பெரும்பான்மை கொடுத்திருக்கு. நம்மில் எத்தனை பேர் அந்தத் திட்டத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்?

பிள்ளை குறைந்த பள்ளியில் "அறை சும்மாதானே கிடக்கு" என்ற பேச்சு எந்த ஊரிலும் வரலாம். சாமான் போட, வேறு அலுவலகம் வைக்க, தேர்தல் பெட்டி வைக்க என்று ஒவ்வொருத்தரும் கேட்பார்கள். சிலது நியாயமாகவும் இருக்கும். அங்கன்வாடிக்குக் கூரை ஒழுகினால் பள்ளியில் ஒரு அறை கொடுப்பதில் என்ன தப்பு? கொடுக்கலாம். எத்தனை மாதத்துக்கு, கழிப்பறை யாருக்கு எப்போது, பூட்டுச் சாவி யாரிடம் என்று எழுதிவிட்டுக் கொடுக்கணும், அவ்வளவுதான். அங்கன்வாடி அம்மாக்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து எழுதணும்.

குழுக் கூட்டத்தில் செய்து பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு முன், பள்ளியில் பிள்ளை படிக்கும் உறுப்பினர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பள்ளிக்குப் போங்க. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்க, சோதனை போட வந்த மாதிரி இருக்க வேண்டாம். எத்தனை அறை, ஒவ்வொன்றிலும் காலை, மதியம் என்ன நடக்கிறது, பூட்டியிருந்தால் ஏன், மழைக்கு ஒழுகுவது எது என்று ஒரு தாளில் எழுதுங்க. படம் போடத் தெரிந்தவங்க படமாகவே போடலாம். வருஷா வருஷம் பள்ளியிலிருந்து அரசுக்கு அனுப்பும் யுடைஸ் விவரத்தில் வகுப்பறை எத்தனை என்று எழுதியிருக்கிறது என்பதையும் கேட்டு, பக்கத்தில் குறிச்சுக்குங்க. இரண்டு எண்ணும் வேறாக இருந்தால், ஏன் வேறாக இருக்கிறது என்பதைக் கூட்டத்தில் பேசுங்க. தாளைத் தூக்கிப் போடாமல் குழுவின் தீர்மான நோட்டிலேயே ஒட்டி வையுங்க, தேதி போட்டு.