பழைய விலக்கு புதிய பதவிக்குச் செல்லுமா?

அமெரிக்கக் கடற்படையில் மாலுமியாக இருந்துகொண்டே, ‘சீமேன் டு அட்மிரல்-21’ போன்ற திட்டங்கள் வழியே அதிகாரியாக முயல்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: சேரும்போதே ஆஸ்துமாவுக்கு மருத்துவ விலக்கு வாங்கியாயிற்று, இனி யார் கேட்கப்போகிறார்கள்? கேட்பார்கள். பாதுகாப்புத் துறையின் 6130.03 என்ற விதித்தொகுப்பில் இரண்டு பாகங்கள் உண்டு. படையில் புதிதாகச் சேர்பவருக்கும் அதிகாரியாக நியமனம் பெறுபவருக்கும் முதல் பாகம். பணியில் இருப்பவர் நீடிக்கலாமா என்று பார்ப்பதற்கு, 2020-இல் வந்த இரண்டாம் பாகம். அதிகாரிப் பதவிக்கு விண்ணப்பித்ததும் மாலுமி மறுபடி முதல் பாகத்துக்கு வந்துவிடுகிறார். 13-ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவிருந்தால், எட்டு வருடம் கப்பலில் குறையின்றி உழைத்தவரானாலும் புதிதாக விலக்கு கேட்டாக வேண்டும்.

இது அநியாயமில்லையா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அனுபவசாலிகளை ஒரு பழைய மருத்துவக் குறிப்புக்காக இழப்பது படைக்கே நஷ்டம். ஆனால் பதவி மாறினால் உடலிடம் கேட்கப்படும் வேலையும் மாறுகிறது. எடுத்துக்காட்டாக, இரவில் கப்பலின் கட்டளைத் தளத்தில் காவல் பொறுப்பேற்கும் அதிகாரி, எதிரே வரும் கப்பலின் இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் பிரித்தறிந்தே அது எந்தத் திசையில் போகிறது என்று முடிவெடுக்கிறார். நிறக்குருடு உள்ளவருக்கு அந்தப் பொறுப்பு கடினம். வழங்கல் பிரிவு அதிகாரியாக அவர் தாராளமாகப் பணியாற்றலாம். விலக்கு என்பது ஆளுக்குக் காட்டும் சலுகையல்ல. இந்த உடல்நிலையோடு இந்த வேலையைச் செய்தால் எவ்வளவு ஆபத்து என்ற கணக்கு. வேலை மாறும்போது கணக்கையும் மறுபடி போடத்தான் வேண்டும்.

அப்படியானால் சொல்லாமல் விட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. ஆனால் மாலுமியின் சிகிச்சைக் குறிப்புகள் படையின் பதிவேட்டிலேயே இருக்கின்றன. தெரிந்தே மறைத்து நியமனம் பெறுவது ராணுவ நீதிச் சட்டத்தின் 104ஏ பிரிவில் குற்றம். மருத்துவத் தலைமையகம் ‘தகுதியில்லை’ என்று எழுதினாலே கதை முடிந்தது என்பதும் தவறு. அது பரிந்துரை மட்டுமே செய்கிறது; விலக்கு தருவதும் மறுப்பதும் ஆளெடுப்பு, பணியாளர் தலைமையகங்களின் கையில் இருக்கிறது. அங்கேதான் அந்த எட்டு வருட உழைப்பு சாட்சியாக நிற்கும்: அண்மைய நுரையீரல் பரிசோதனை முடிவு, மருந்தை நிறுத்திய தேதி, உடற்திறன் தேர்வு மதிப்பெண்கள், நிபுணரின் கடிதம். இவற்றைத் திரட்ட நாளாகும் என்பதால், விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கும்வரை மருத்துவத் தேர்வைத் தள்ளிப்போடக் கூடாது.